நனவிடை தோய்தலும் நட்பின் சாட்சியமும்

1

இலக்கிய நண்பர்கள் கூடிக் களித்த இளமைக் காலத்தை நினைவுகூரும் எழுத்து, ஈழத்துத் தமிழ் உரைநடையில் இன்று தனியொரு வகையாக வளர்ந்துள்ளது. நினைவு மலர்களிலும், மணிவிழா மலர்களிலும், தொகுப்பு நூல்களின் முன்னுரைகளிலும், தன்வரலாறுகளிலும் இதனைப் பரவலாகக் காணலாம். இவ்வகை எழுத்துக்கு ஒரு பெயரும் வாய்த்திருக்கின்றது. எஸ். பொன்னுத்துரை தமது யாழ்ப்பாண இளமைக்கால நினைவுகளைத் திரட்டி வெளியிட்ட நூலுக்கு ‘நனவிடை தோய்தல்’ எனத் தலைப்பிட்டார். அத்தொடர் அந்நூலின் எல்லையைக் கடந்து, கடந்தகாலத்தில் மூழ்கித் திளைக்கும் எழுத்துமுறைக்கே பொதுப்பெயராக ஈழத்தில் வழங்கலாயிற்று. ஆசிரியத் தொழில் நிமித்தம் மட்டக்களப்பில் நெடுங்காலம் வாழ்ந்த அவர், 2003இல் வெளியிட்ட தமது பெரிய தன்வரலாற்றுக்கு ‘வரலாற்றில் வாழ்தல்’ எனப் பெயரிட்டமையும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. தோய்தல் வேறு, வாழ்தல் வேறு. முன்னையது தனிமனிதனின் இன்பம். பின்னையதில் மற்றவர்களும் வருகின்றனர். அவர்களுக்கு நேர்ந்தவையும் வருகின்றன. நினைவெழுத்தை மதிப்பிடப் புகும் விமரிசகன் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்கலாம்.

மட்டக்களப்புப் பிரதேசத்தில் நண்பரை நினைந்தெழுதும் மரபு புதியதன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947), மறைந்த நண்பர் கந்தசாமியை நினைந்து ‘கங்கையில் விடுத்த ஓலை’யைப் பாடினார். அது இரங்கற்பா; அங்கே இழப்பு முன்னிற்கின்றது. அண்மைக்கால நினைவெழுத்திலோ இழப்புப் பின்சென்று, கூட்டத்தின் களிப்பு முன்வந்து நிற்கின்றது. இம்மாற்றம் தற்செயலானதன்று. இழப்பைச் சொன்னால் இழப்புக்கான காரணத்தையும் சொல்லவேண்டியிருக்கும். களிப்பைச் சொல்வதில் அத்தகைய நிர்ப்பந்தம் எதுவுமில்லை.

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீள்வது. அதன் கரையில் 1960கள் முதல் 1980களின் முற்பகுதி வரை இயங்கிய இலக்கிய வட்டங்களைப் பற்றி எழுதப்படும் நினைவுகளே இக்கட்டுரையின் பொருள். இவற்றின் தரத்தை அவை எழுப்பும் உருக்கத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. அந்த நட்பு எதுவரை சென்றது, எந்த இடத்தில் நின்றது என்பதை அவை சொல்கின்றனவா என்பதே சரியான அளவுகோல். தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக இருந்து கவிதை படித்த காலம் ஒன்று இப்பிரதேசத்தில் இருந்தது. அது எவ்வாறு இயன்றது, ஏன் நீடிக்கவில்லை என்பவை இன்றைய மாணவர்கள் அறியவேண்டிய செய்திகள்.

2

மேலைநாடுகளில் இளைஞர் எதிர்ப்பண்பாடு என்றவுடன் 1968இன் பாரிஸ் மாணவர் கிளர்ச்சியும், அமெரிக்கப் பல்கலைக்கழக நகரங்களின் கோப்பிக் கடைகளும், ஹிப்பிகளின் நீண்ட கேசமும் நினைவுக்கு வருகின்றன. இந்தியாவிற் கல்கத்தாக் கல்லூரி வீதியின் கோப்பி இல்லம் இவ்வகையிற் புகழ்பெற்றது. 1983இல் மன்னா டே பாடிய வங்கப் பாடலொன்று அவ்வில்லத்திற் கூடிய நண்பர்கள் எழுவர் எங்கெங்கோ சிதறிப்போனதைச் சொல்கின்றது. ஒருவர் பாரிஸில், ஒருவர் டாக்காவில், ஒருவர் மனநோய் விடுதியில், ஒருவர் கல்லறையில். ஏக்கப் பாடலேயாயினும், ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்பதை அது கணக்குச் சொல்லுகின்றது. மக்கள் அதனைத் தம் பாடலாக ஏற்றுக்கொண்டமைக்கு அக்கணக்கும் ஒரு காரணம் எனலாம்.

மட்டக்களப்பில் அத்தகைய கோப்பி இல்லம் இருக்கவில்லை. அக்காலத்திற் பல்கலைக்கழகமும் இருக்கவில்லை. 1981இலேயே வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கு முந்திய தலைமுறையினர் பேராதனைக்கும் கொழும்புக்கும் சென்று கற்று, ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ ஊர் திரும்பினர். பலர் பல்கலைக்கழகம் செல்லாமலே ஆசிரிய கலாசாலைகளிற் பயின்றனர். அவர்கள் கூடிய இடங்கள் வாசிகசாலை, புத்தகக்கடை வாசல், தேநீர்க்கடை, பாடசாலை மண்டபம், யாரேனும் ஒருவரின் வீட்டு விறாந்தை என்பனவே. நகரில், 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம் மாலை வேளைகளிற் பேச்சுக்கு இடமாயிற்று. பாடும் மீன்களின் ஓசை கேட்கலாமென்று நிலாக் காலத்தில் மக்கள் தோணியேறிச் செல்வதும் அப்பாலத்தடிக்கே.

இவ்விளைஞரின் எதிர்ப்பண்பாடும் மேலைநாட்டினதிலிருந்து வேறுபட்டது. அங்கே இளைஞர்கள் பெற்றோரின் பண்பாட்டை உதறிப் புதியதொன்றைத் தேடினர். இங்கே அவர்கள், படித்த பெற்றோர் தாழ்வாகக் கருதிய கிராமத்துக் கலையை நோக்கித் திரும்பினர். 1956இல் சரச்சந்திராவின் ‘மனமே’ சிங்கள அரங்கில் ஏற்படுத்திய விழிப்பைத் தொடர்ந்து, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்ற முற்பட்டார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என அம்முயற்சி 1960களில் தொடர்ந்தது. வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்டதை நவீன மேடைக்கேற்பச் சில மணி நேரத்துக்குள் சுருக்கினர். வந்தாறுமூலை மத்திய கல்லூரியிற் பயின்று பேராதனை சென்ற சி. மௌனகுரு ‘இராவணேச’னில் இராவணனாக ஆடினார். பல்கலைக்கழக மாணவன் சதங்கை கட்டிக் கூத்தாடுவது, உத்தியோகமே கல்வியின் பயன் என்றிருந்த குடும்பங்களின் கண்ணிற் சிறுமையாகப்பட்டது. ஆகவே அதனை ஒரு கலகம் எனலாம். நீண்ட கேசமும் கித்தாரும் இல்லாமையால் அதனைக் கலகமென இனங்காண நாம் பிந்திவிட்டோம்.

3

கல்முனைப் பகுதியின் இலக்கிய வட்டத்தைப் புரிந்துகொள்ள அதன் நில அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். கரையோரப் பெருவீதியில் வடக்கிலிருந்து தெற்காகச் செல்வோர் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி என்ற ஊர்களைத் துவிச்சக்கரவண்டியில் அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்த பாதை அது. 1961இல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை இவையெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன.

பெரியநீலாவணையில் நீலாவணன் (1931–1975), மருதமுனையில் மருதூர்க்கொத்தனும் மருதூர்க்கனியும், பாண்டிருப்பிற் சண்முகம் சிவலிங்கம், கல்முனைக்குடியில் எம். ஏ. நுஃமான். இவர்களிற் பெரும்பாலோர் ஆசிரியர்கள். நீலாவணன் நடத்திய ‘பாடும் மீன்’ சில இதழ்களோடு நின்றது. அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவரான நுஃமான் 1969–70இல் ‘கவிஞன்’ என்ற கவிதைச் சஞ்சிகையை வெளியிட்டார். கல்முனையில் ‘வாசகர் சங்கம்’ என்ற பெயரில் நூல் வெளியீடு தொடங்கியது. அளவெட்டியைச் சேர்ந்த மஹாகவியின் ‘கோடை’ 1970இலும், ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ 1971இலும் அவ்வெளியீடுகளாகவே வந்தன. அதே 1971இல் மஹாகவி மறைந்தார். யாழ்ப்பாணத்துக் கவிஞரின் முதன்மையான ஆக்கங்கள் கல்முனையிலிருந்த ஒரு சிறு குழுவின் உழைப்பால் நூலுருப் பெற்றன என்பது ஈழத்துக் கவிதை வரலாற்றில் அழுத்திச் சொல்லப்படவேண்டிய செய்தியாகும்.

இவ்வட்டத்தின் வீச்சு ஊர் எல்லைக்குள் நிற்கவில்லை. நுஃமானின் மொழிபெயர்ப்பில் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இல் வெளிவந்தது. அவ்வாண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அவர் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ இன்றளவும் அந்நிகழ்ச்சி பற்றிய மிகச்சிறந்த கவிதைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. கிழக்கிலங்கை முஸ்லிம் கவிஞர் ஒருவர் வடக்கின் நூலகத்துக்காக எழுதிய கவிதை அது. 1984இல் நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ நூலில் நீலாவணன், சண்முகம் சிவலிங்கம், நுஃமான் ஆகிய மூவர் இச்சில கிலோமீற்றர் வீதியைச் சேர்ந்தவர்கள்.

இவர்கள் எல்லாவற்றிலும் ஒருமித்த கருத்துடையோர் அல்லர். நீலாவணனின் கவிதையில் ஆன்மிக நாட்டம் உண்டு. நுஃமான் மார்க்சிய நோக்குடைய விமரிசகராக வளர்ந்தார். சண்முகம் சிவலிங்கத்தின் கவிதைநடை இருவரிலிருந்தும் வேறுபட்டது. அவரது ‘நீர்வளையங்கள்’ 1988இல் வந்தது. யாப்பு வேண்டுமா, பேச்சோசை போதுமா, கவிதைக்கு அரசியல் எவ்வளவு தேவை என்பன அக்காலத்தில் உண்மையான சச்சரவுகள். இவ்வேறுபாடுகளைத் தாங்கி நின்றமையே அவ்வட்டத்தின் சிறப்பு. ஒத்த கருத்துடையோர் கூடியிருத்தல் அரிதான செயலன்று.

4

நினைவெழுத்தின் குறைபாடு இவ்விடத்திலேயே புலப்படுகின்றது. இத்துறையில் எழுதப்படும் பல கட்டுரைகள் சில வாய்பாடுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ‘அது ஒரு பொற்காலம்’, ‘இனபேதம் என்பதையே நாம் அறியோம்’, ‘ஒரே கோப்பையில் தேநீர் அருந்தினோம்’ என்பன அவற்றுட் சில. இவை பொய்யல்ல. எழுதுவோரின் மனத்தில் உள்ளவாறே எழுதப்படுபவை. ஆயினும் வாய்பாட்டினுள் நுழைந்தவுடன் மூன்று செய்திகள் வெளியே விடப்படுகின்றன.

முதலாவது உழைப்பு. அக்காலச் சஞ்சிகை என்பது ஈயத்து அச்செழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து, அச்சுப்படி திருத்தி, தாளுக்குக் கடன்பட்டு, பிரதிகளைக் கையிற் சுமந்து விற்கும் வேலை. சிறு சம்பளம் பெற்ற ஆசிரியர்கள் அதனைச் செய்தார்கள். ஒருவர் மற்றொருவரின் கவிதையை நூலாக்கத் தம் மாலைப்பொழுதுகளைக் கொடுத்தமையே நட்பின் திடமான சான்று. தேநீரின் சுவை நினைவில் நிற்க இவ்வுழைப்பு மறைந்துபோவது பொருத்தமன்று.

இரண்டாவது பெண்கள். ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ தொகுதியில் ஒரு பெண்ணும் இடம்பெறவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1986இல், பெண்கள் ஆய்வு வட்டத்தின் வெளியீடாகச் சித்திரலேகா மௌனகுருவின் தொகுப்பில் ‘சொல்லாத சேதிகள்’ வெளிவந்து, ஈழத்தில் எழுதும் பெண்கள் இருந்தனர் என்பதை நிறுவியது. பாலத்தடியிலும் தேநீர்க்கடையிலும் இரவு பத்து மணிவரை இருந்து பேசுதல் ஆண்களுக்கே இயன்றது. வீட்டு விறாந்தையிற் கூட்டம் நடந்தபோது உள்ளே அடுப்படியில் இருந்தவரின் நினைவு எழுதப்படவில்லை. அதே கூட்டத்தைப் பற்றி அவர் எழுதியிருந்தால் ‘பொற்காலம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருப்பாரா என்பது கேட்கத்தகுந்த கேள்வி.

மூன்றாவதும் எமது பொருளுக்கு மிக முக்கியமானதும் நட்பின் எல்லை. கவிதை மேசையில் தமிழரும் முஸ்லிம்களும் சமமாக அமர்ந்தனர். அம்மேசைக்கு வெளியே வயற்காணி, நீர்ப்பாசனம், உத்தியோகம், தேர்தல் தொகுதி ஆகியவற்றில் இரு சமூகங்களுக்கும் இடையே பிணக்குகள் இருந்தன. திருமண உறவும் பாடசாலையும் பெரும்பாலும் வெவ்வேறாகவே இருந்தன. நீலாவணனின் ‘வேளாண்மை’ என்ற காவியம், அவர் மறைந்து ஏழாண்டுகளின் பின் 1982இல் நூலாயிற்று. அதன் தலைப்பே இப்பிரதேசத்தின் உயிர்நாடி எதுவென்பதைச் சொல்லும். அந்த நிலத்தைச் சுற்றியே பிணக்குகளும் வளர்ந்தன. இலக்கிய நட்பு அவற்றைத் தீர்க்கவில்லை. தீர்க்கும் வலிமை அதற்கு இருக்கவுமில்லை.

‘இனபேதம் அறியோம்’ என்னும் வாக்கியத்தின் தீங்கு யாதெனில், பின்னர் நேர்ந்த பிளவு வானத்திலிருந்து விழுந்தது போலத் தோன்றுகின்றது என்பதே. 1985 ஏப்ரிலிற் காரைதீவுப் பகுதியில் மோதல் நிகழ்ந்தது. 1990 ஒகஸ்ற் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். அடுத்த மாதம் 5ஆந் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்த தமிழர் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாட்களின் பின் சத்துருக்கொண்டானிற் பெண்களும் குழந்தைகளுமாகத் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். பொற்காலம் ஒன்று மட்டுமே முன்னர் இருந்ததாயின் இவையெல்லாம் விளக்கமற்ற வெறியாகிவிடும். விளக்கமற்றதற்கு எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அதனால்தான் வாய்பாட்டு நினைவு வசதியாக இருக்கின்றது.

5

மட்டக்களப்பு நகரின் வாசகர் வட்டம் இதற்கு வேறொரு பாடத்தைத் தருகின்றது. 1980களின் தொடக்கத்தில் நகரின் இளைஞர் சிலர் நூல்களைப் படித்து விவாதிக்கும் வட்டமொன்றில் இணைந்திருந்தனர். தர்மரத்தினம் சிவராம் (1959–2005) அவர்களுள் ஒருவர். மண்டூர்க் கோயில் பற்றிய ஆய்வுக்காக அக்காலத்தில் வந்திருந்த அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விற்றேக்கர் அவருடைய நண்பரானார். பின்னர் சிவராம் பேராதனைப் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு இயக்கத்திற் சேர்ந்தார். 1989 முதல் ‘தராக்கி’ என்ற பெயரில் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதிப் புகழ்பெற்றார். 2005 ஏப்ரில் 28ஆந் திகதி இரவு கொழும்பிற் கடத்தப்பட்டு, மறுநாள் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். விற்றேக்கர் அவரைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 2007இல் வெளிவந்தது. அதன் ஓர் அத்தியாயம் ஆனந்தன் என்பவரையும் வாசகர் வட்டத்தையும் தலைப்பிலேயே கொண்டுள்ளது.

இந்நூலும் நினைவெழுத்தே. அதிலும் நண்பர் மீதான பற்று நிறைந்துள்ளது. எனினும் அது தன்னை ஓர் அறிவார்ந்த வாழ்க்கை வரலாறாக அமைத்துக்கொண்டது. இளைஞர்கள் கூடினர், மகிழ்ந்தனர் என்பதோடு நில்லாமல், அங்கே எத்தகைய சிந்தனை உருவாயிற்று, அது பிற்காலத்தில் ஒருவரை எங்கே கொண்டுசென்றது என்று அது தொடர்ந்து வினவுகின்றது. வாசிப்பு அவரை இயக்கத்துக்கும், இயக்கம் பத்திரிகைக்கும், பத்திரிகை மரணத்துக்கும் இட்டுச்சென்ற பாதையை வாசகர் பின்தொடர முடிகின்றது. சிவராமின் அரசியலை ஏற்பவரும் மறுப்பவரும் அந்நூலோடு வாதாடலாம். வாதாட இடம் தருகின்றது என்பதே அதன் பலம். வாய்பாட்டு நினைவோடு எவரும் வாதாட முடியாது. தலையசைக்க மட்டுமே முடியும்.

ஆயினும் இவ்வட்டத்தைப் பற்றிய விரிவான நூல் ஆங்கிலத்திலேயே, வெளிநாட்டு நண்பர் ஒருவராலேயே எழுதப்பட்டது என்பதும் சிந்திக்கவேண்டியது. உள்ளூரில் இருந்தோர் எழுதத் தயங்கியமைக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. பெயர் குறிப்பிடுதல் உயிராபத்தாக இருந்த ஆண்டுகள் பல. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே மாதத்தில் மட்டக்களப்பிற் கொல்லப்பட்டார். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சி. ரவீந்திரநாத் 2006 டிசெம்பரில் காணாமற்போனார். அக்காலத்தில் ‘நாங்கள் சிலர்’ என்று பொதுவாக எழுதுதல் ஒரு பாதுகாப்பு. போர் 2009இல் முடிந்தபின்னும் அதே பொதுமொழி தொடருமாயின், அது பாதுகாப்பு என்ற நிலையிலிருந்து பழக்கம் என்ற நிலைக்கு இறங்கிவிட்டதென்றே கொள்ளல் வேண்டும்.

6

இதுவரை கூறியவற்றிலிருந்து நினைவெழுத்தே கூடாதென்று முடிவுசெய்வது தவறாகும். எதிர்மாறாக, வாவிக்கரையின் இலக்கிய வட்டங்களைப் பற்றி இன்னும் நிறைய எழுதப்படவேண்டும். நீலாவணன் 1975இல் மறைந்தார். மருதூர்க்கொத்தன் 2004இலும் சண்முகம் சிவலிங்கம் 2012இலும் மறைந்தனர். அக்காலத்தை நேரில் அறிந்தோர் குறைந்துகொண்டே வருகின்றனர். இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரே மண்டபத்தில் அமரும் தமிழ், முஸ்லிம் மாணவர்களிற் பலர் பள்ளிப்பருவம் முழுவதையும் வெவ்வேறு பாடசாலைகளிற் கழித்தவர்கள். முன்னொரு காலத்தில் இவ்வூர்களின் இளைஞர்கள் சேர்ந்து சஞ்சிகை நடத்தினர் என்ற செய்தி அவர்களுக்கு முகமன் வார்த்தையாகப் போய்ச் சேர்வதா, பயன்படும் அறிவாகப் போய்ச் சேர்வதா என்பது நினைவெழுதுவோரின் கையிலேயே இருக்கின்றது.

பயன்படும் அறிவாக வேண்டுமெனில் எழுதும் முறை மாறுதல் வேண்டும். கூடியவர்களின் பெயர்களும், கூடாதவர்கள் யார் என்பதும், எதைப்பற்றிச் சண்டையிட்டனர் என்பதும், யாருடைய பணத்தில் அச்சிட்டனர் என்பதும், எந்த நாளிலிருந்து கூட இயலாமற் போயிற்று என்பதும் எழுதப்படவேண்டும். ஒரே வட்டத்தைத் தமிழ் நண்பரும் முஸ்லிம் நண்பரும் தனித்தனியே நினைவுகூர்ந்து, இரண்டும் அருகருகே அச்சிடப்படவேண்டும். இரண்டும் முரண்படுமாயின் அம்முரண்பாடே சிறந்த ஆவணம். அவ்வீடுகளின் பெண்களிடமும் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். பழைய சஞ்சிகைகளில் ஒரு பகுதி ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின் முயற்சியால் இன்று படிக்கக் கிடைக்கின்றது. நினைவை அச்சிலுள்ள சான்றோடு ஒப்புநோக்கும் பணியைத் தமிழ்த்துறை மாணவர்கள் ஆய்வுப் பொருளாகவே மேற்கொள்ளலாம்.

கல்முனை வாசகர் சங்கத்தின் மெல்லிய நூல்களைக் கையிலெடுத்துப் பார்ப்போருக்கு அந்நட்பின் தன்மை தெளிவாகவே விளங்கும். அவர்கள் ஒருவரையொருவர் புகழ்வதற்காக மட்டும் கூடவில்லை. ஒரு வேலையைச் செய்வதற்காகவும் கூடினார்கள். நிலத்தையும் தேர்தலையும் பற்றிய பிணக்குகள் சூழ்ந்திருக்கவே அவ்வேலையைச் செய்தார்கள் என்பதில்தான் அவர்களுடைய பெருமை இருக்கின்றது. பிணக்கே இல்லாத காலமொன்றைக் கற்பித்து அவர்களை அதிற் குடியேற்றுவோர், அவர்களுக்குரிய பெருமையைக் குறைத்தவர்களாகின்றனர்.